விலையை முதலில் எழுதிய தடுப்பூசி

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு நன்கு தெரிந்த புதிர் ஒன்று உண்டு. நிமோனியாவைத் தடுக்கும் ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடப்படுகிறது. அதே நோய்க்கான ஊசிக்குத் தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. தடுக்கும் நோய் ஒன்றாக இருக்க, விலை ஏன் இப்படி மாறுகிறது? தயாரிப்புச் செலவுதான் விலை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் குப்பிக்குள் இருக்கும் மருந்தைத் தயாரிக்க ஆகும் செலவு, விலையின் ஒரு பகுதி மட்டுமே. ஆய்வுக்குக் கொட்டிய பணம், தொழிற்சாலைக்குப் போட்ட முதல், சோதனையில் தோற்றால் நேரும் இழப்பு, வாங்கப்போகிறவர்களின் எண்ணிக்கை, அவர்களுடைய பணப்பையின் கனம் ஆகிய எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கின்றன. இதிலிருந்து ஒரு கொடிய விளைவும் பிறக்கிறது. ஒரு நோய் ஏழைகளை மட்டுமே தாக்குமானால், அதைத் தடுக்கும் வழி அறிவியலுக்குத் தெரிந்திருந்தாலும் அந்தத் தடுப்பூசி உருவாகாமலே போய்விடும். ஆப்பிரிக்காவின் மூளைக்காய்ச்சல் பல ஆண்டுகள் அப்படித்தான் கிடந்தது. அந்த முடிச்சு அவிழ்ந்த விதத்தைப் பார்த்தால், வளரும் நாடுகளில் அறக்கொடையும் தொழில்நுட்பமும் எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பது தெளிவாகும்.

மேற்கே செனகலில் தொடங்கி கிழக்கே எத்தியோப்பியா வரை, சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே 26 நாடுகளைத் தொட்டுச் செல்லும் நிலப்பரப்பை ‘மூளைக்காய்ச்சல் பட்டை’ என்பார்கள். பிரெஞ்சு மருத்துவர் லப்பெசோனி 1963-இல் இந்தப் பட்டையை வரையறுத்தார். டிசம்பரிலிருந்து ஜூன் வரையிலான வறண்ட மாதங்களில் அங்கே ஹார்மட்டன் என்ற புழுதிக்காற்று வீசும். நோய் பரவுவதும் அந்த மாதங்களில்தான். மழை இறங்கியதும் அடங்கிவிடும். மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியா புகுந்து அழற்சி உண்டாக்குவதே இந்த நோய். மருத்துவத் தமிழில் இதை ‘மூளை உறை அழற்சி’ என்பார்கள். கடும் காய்ச்சலும் தலைவலியும் வரும், கழுத்து விறைத்துப்போகும். ஓரிரு நாளில் உயிர் போய்விடக்கூடும். சிகிச்சை கிடைத்தாலும் பத்தில் ஒருவர் இறக்கிறார். பிழைத்தவர்களிலும் பத்தில் ஒருவர் அல்லது இருவருக்குக் காது கேட்காமல் போகிறது, அல்லது மூளை பாதிப்பு நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. இந்தப் பாக்டீரியாவில் ஏ, பி, சி, டபிள்யூ, எக்ஸ், ஒய் எனப் பல வகைகள் உண்டு. ஆப்பிரிக்காவில் பெருங்கொள்ளை நோயாகப் பரவி வந்தவற்றில் மிகப் பெரும்பகுதி ஏ வகையால் வந்தது.

1996, 1997 ஆண்டுகளில் வந்த அலை, பதிவானவற்றில் மிகப் பெரியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். சுமார் 25,000 பேர் இறந்தார்கள். இறப்பு எண்ணிக்கையில் தெரியாத இழப்பும் இருக்கிறது. புர்கினா ஃபாசோ நாட்டில் 2006-07 கொள்ளைநோயின்போது குடும்பங்களின் செலவை ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒரு நோயாளிக்காக ஒரு குடும்பம் செலவழித்தது சராசரியாக 90 டாலர். அந்நாட்டின் தலைக்கான ஆண்டு உற்பத்தி மதிப்பில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஊனம் தங்கிவிட்டால் செலவு மேலும் ஏறியது. ஆட்டையும் தானியத்தையும் விற்றுச் சிகிச்சை பார்க்கும் குடும்பம், அடுத்த பிள்ளையின் படிப்புக்கு வைத்திருந்ததையும் இழக்கிறது. செவித்திறன் போன குழந்தைக்கு அந்த ஊர்ப் பள்ளியில் இடமே இல்லாமல் போகலாம். உடல்நலமும் வாழ்வின் வாய்ப்புகளும் தனித்தனிக் கணக்குகள் அல்ல. முன்னதில் விழும் அடி பின்னதிலும் விழுகிறது.

இந்த நோய்க்கு அப்போதே ஒரு தடுப்பூசி இருந்தது. ஆனால் அது பாதி வேலையைத்தான் செய்தது. காரணத்தை அறிய, பாக்டீரியாவின் மேலங்கியைப் பார்க்க வேண்டும். மெனிங்கோகாக்கஸ் தன்னைச் சுற்றிச் சர்க்கரை மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்த உறை ஒன்றை அணிந்திருக்கிறது. இந்த நீண்ட சங்கிலியின் பெயர் பாலிசாக்கரைடு. தமிழில் கூட்டுச்சர்க்கரை எனலாம். பழைய தடுப்பூசி இந்தக் கூட்டுச்சர்க்கரையை மட்டும் பிரித்தெடுத்து உடலில் செலுத்தியது. நம் உடலில் எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் பி செல்கள் அதைப் பார்த்ததும் கொஞ்சம் எதிர்ப்பொருள் சுரக்கும். ஆனால் நோயெதிர்ப்புப் படையை வழிநடத்தும் டி செல்கள் வெறும் சர்க்கரையைப் பொருட்படுத்துவதில்லை. அவை புரதத்தை மட்டுமே அடையாளம் காணும். டி செல்களின் உதவி இல்லாமல் நீண்டகால நினைவு பதியாது. அதனால் பழைய ஊசியின் காப்பு சில ஆண்டுகளில் தேய்ந்துபோனது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் சரியாக வேலை செய்யவில்லை. தொண்டையில் கிருமியைச் சுமந்து திரிபவர்களிடமிருந்து அதை அகற்றவும் இல்லை. ஆகவே நோய் வெடித்தபின் ஓடிப்போய் ஊசி போடுவதே வழக்கமாயிற்று. ஊசி ஊர் வந்து சேர்வதற்குள் பலர் இறந்திருப்பார்கள்.

இதற்கு மாற்றுவழி வேதியியலில் வெகுகாலமாக இருந்தது. சர்க்கரையைத் தனியாக அனுப்பாமல் ஒரு புரதத்தோடு வேதிப்பிணைப்பால் கட்டி அனுப்பினால் உடல் அதைக் கவனிக்கும் என்பதை 1929-இலேயே ஏவரி, கோபெல் என்ற இரு அறிவியலாளர்கள் காட்டினார்கள். ஊருக்குப் புதிதாக வந்த ஒருவனைக் காவலர் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். ஆனால் பழைய கேடி ஒருவனோடு கைகோத்து வந்தால் அவன் முகத்தையும் சேர்த்துக் குறித்துவைத்துக்கொள்வார். இங்கே பழைய கேடியின் இடத்தில் இருப்பது, நஞ்சு நீக்கப்பட்ட டெட்டனஸ் புரதம். டி செல்கள் அதை அடையாளம் கண்டு எழும்போது, அதோடு ஒட்டிவந்த சர்க்கரைக்கு எதிராகவும் பி செல்களைத் தூண்டுகின்றன, நினைவும் பதிகிறது. இப்படிச் செய்யப்படுவதை ‘இணைப்புத் தடுப்பூசி’ என்கிறோம். 1980-களில் ஹீமோஃபிலஸ் பி கிருமிக்கு எதிராக இந்த உத்தி வெற்றி பெற்றது. 1999 இறுதியில் பிரிட்டன், மெனிங்கோகாக்கஸ் சி வகைக்கு எதிரான இணைப்புத் தடுப்பூசியை நாடு முழுவதும் போடத் தொடங்கியது. ஊசி போட்டவர்களிடம் மட்டுமல்லாமல் போடாதவர்களிடமும் அங்கே நோய் குறைந்தது.

அப்படியானால் ஆப்பிரிக்காவின் ஏ வகைக்கு ஏன் இல்லை? முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1990-களில் ஏ, சி இரு வகைகளுக்குமான இணைப்புத் தடுப்பூசி ஒன்று காம்பியாவிலும் நைஜரிலும் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு நல்ல பலனும் காட்டியது. ஆனால் அது சந்தைக்கு வரவில்லை. பணக்கார நாடுகளில் ஏ வகை ஏறக்குறைய மறைந்துவிட்டது. தேவைப்பட்டவர்கள் உலகின் மிக வறிய நாடுகளில் இருந்தார்கள். ஒரு தொழிற்சாலையின் உற்பத்தி வரிசையை எதற்கு ஒதுக்குவது என்று நிறுவனம் கணக்குப் போடும்போது, அதே இடத்தில் பணக்கார நாட்டுக்கு விற்கும் மருந்தைச் செய்தால் பல மடங்கு வருமானம் கிடைக்கும். இதில் தனி மனிதரின் கல்நெஞ்சம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. கணக்கு அப்படி முடிகிறது, அவ்வளவே. தேவையைச் சந்தை எண்ணுவதில்லை. பணம் கொடுத்து வாங்கும் சக்தியைத்தான் எண்ணுகிறது. இரண்டுக்கும் இடையிலான இந்தப் பள்ளத்தை நிரப்புவதே அறக்கொடைக்கு உரிய வேலை என்பது இக்கட்டுரையின் வாதம்.

2001-இல் கேட்ஸ் அறக்கட்டளை 7 கோடி டாலர் நல்கையை அறிவித்தது. அந்த நிதியைக் கொண்டு உலக சுகாதார நிறுவனமும் ‘பாத்’ என்ற இலாப நோக்கற்ற அமைப்பும் சேர்ந்து ‘மூளைக்காய்ச்சல் தடுப்பூசித் திட்டம்’ தொடங்கின. மார்க் லஃபோர்ஸ் என்ற மருத்துவர் அதன் இயக்குநர். திட்டத்தினர் தடுப்பூசியை வடிவமைக்கும் முன்பே ஆப்பிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகளிடம் போய், உங்களால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று கேட்டார்கள். ஓர் ஊசிக்கு அரை டாலருக்குள் இருக்க வேண்டும் என்ற விடை வந்தது. வாங்க முடியாத தடுப்பூசி இருந்தும் பயனில்லை என்பதில் அவர்கள் உறுதியாக நின்றார்கள். வழக்கமாக முதலில் பொருள் பிறக்கும், செலவு கூட்டப்படும், பிறகு விலை வரும், கடைசியில் ஏழை நாடுகளுக்குச் சலுகை பற்றிய பேச்சு எழும். இங்கே விலை முதலில் எழுதப்பட்டது. அந்த விலைக்குள் அடங்கும் பொருளைச் செய்வதே பொறியியல் கேள்வியாக மாறியது. திட்டத்தின் பின்னாளைய முடிவுகள் பலவும் இந்த ஒரு தலைகீழ் மாற்றத்திலிருந்தே பிறந்தன.

பெரிய மருந்து நிறுவனங்களுடன் நடந்த பேச்சு அந்த விலையில் கைகூடவில்லை. எனவே திட்டத்தினர் தடுப்பூசியைத் துண்டு துண்டாகக் கூட்டிச் சேர்க்க முடிவு செய்தார்கள். தொடக்கத்தில் ஏ வகையின் கூட்டுச்சர்க்கரை நெதர்லாந்தின் சின்கோ நிறுவனத்திலிருந்து வந்தது. சர்க்கரையையும் புரதத்தையும் பிணைக்கும் நுட்பத்தை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வகத்தில் கார்ல் ஃபிராஷ், சே-ஹங் ராபர்ட் லீ ஆகியோர் உருவாக்கியிருந்தார்கள். டெட்டனஸ் புரதத்தைப் பெருமளவில் தயாரித்துப் பழகிய இடம் புனேயிலுள்ள சீரம் இன்ஸ்டிடியூட். அந்த இந்திய நிறுவனத்தின் அறிவியலாளர்கள் அமெரிக்க ஆய்வகத்துக்குச் சென்று பிணைப்பு நுட்பத்தைக் கற்றுத் திரும்பினார்கள். ஆக, ஒரு கண்டத்தின் அரசு ஆய்வகம் கண்ட நுட்பம், வேறொரு கண்டத்தின் தொழிற்சாலைக்குப் போய், மூன்றாவது கண்டத்தின் குழந்தைகளுக்கான மருந்தாயிற்று. தடுப்பூசிக்கு மென்ஆஃப்ரிவாக் என்று பெயர் வைத்தார்கள். 2010 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் அதன் தரத்தைச் சரிபார்த்து, ஐ.நா. அமைப்புகள் வாங்கலாம் என்று ஏற்பு வழங்கியது. விலை, சொன்னபடியே அரை டாலருக்குக் கீழே. அன்றைய மதிப்பில் 25 ரூபாய்க்குள்.

மலிவு என்றால் தரத்தில் குறை இருக்கும் என்ற ஐயம் இங்கே இயல்பாக எழும். விலை குறைந்த இடங்களைப் பார்த்தால் ஐயம் தெளியும். ஆய்வுச் செலவையும் சோதனைத் தோல்வியின் அபாயத்தையும் நல்கைப் பணம் ஏற்றுக்கொண்டது. ஆகவே அந்தச் சுமை ஊசியின் விலையில் ஏறவில்லை. பிணைப்பு நுட்பம் வீணாக்கம் குறைந்ததாக இருந்ததால் மூலப்பொருள் மிச்சமானது. மருந்து பொடியாக உறைய வைத்து உலர்த்தப்பட்டு, ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு என அடைக்கப்பட்டது. பல நாடுகளில் கோடிக்கணக்கானோருக்குத் தேவைப்படும் என்ற எதிர்பார்ப்பு, குறைந்த இலாபத்திலும் தொழிற்சாலையை ஓடவைத்தது. இவற்றில் எதுவும் குப்பிக்குள் இருக்கும் மருந்தின் தூய்மையைத் தொடவில்லை. அந்த நல்கை ஊசியின் விலைக்கு மானியமாகத் தரப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மானியம் நின்றால் விலை ஏறிவிடும். ஆனால் ஒருமுறை செலவிட்டுக் கண்டறிந்த நுட்பம் நின்றுபோவதில்லை. குறைந்த விலை அதன்பின் தானே நிலைக்கிறது.

சோதனை நடத்திய விதத்தில் இன்னொரு கடினமான கேள்வி இருந்தது. ஏழை நாட்டுக் குழந்தைகளைச் சோதனைப் பொருளாக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அப்பகுதியில் ஆழமான காரணம் உண்டு. 1996 கொள்ளைநோயின்போது நைஜீரியாவின் கானோ நகரில் வெளிநாட்டு மருந்து நிறுவனம் ஒன்று புதிய மருந்தொன்றைக் குழந்தைகளிடம் சோதித்தது. பெற்றோரின் ஒப்புதல் முறையாகப் பெறப்படவில்லை என்று தொடுக்கப்பட்ட வழக்குகள் பல ஆண்டுகள் நீண்டு, 2009-இல் கானோ மாநில அரசுடன் இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது. அந்த நினைவு மக்களிடம் இருக்கும்போது புதிய ஊசியோடு போய் நிற்பது எளிதல்ல. மென்ஆஃப்ரிவாக் முதலில் இந்தியாவில், பெரியவர்களிடம் சோதிக்கப்பட்டது. பாதுகாப்பு உறுதியானபின் மாலி, காம்பியா, செனகல் நாடுகளில், அந்நாட்டு ஆய்வாளர்களின் பங்கேற்போடு, குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் படிப்படியாகச் சோதனை நடந்தது. பழைய கூட்டுச்சர்க்கரை ஊசியைவிடப் பல மடங்கு வலுவான எதிர்ப்பொருளை அது உண்டாக்கியது. எந்த மக்களிடம் சோதிக்கிறோமோ அவர்களுக்கே, அவர்கள் வாங்கக்கூடிய விலையில், பலன் போய்ச் சேர வேண்டும் என்பது ஆய்வு அறத்தின் அடிப்படை விதி. விலையை முன்கூட்டியே எழுதியதால் அந்த விதிக்கு இங்கே உத்தரவாதம் கிடைத்தது.

2010 டிசம்பர் 6 அன்று புர்கினா ஃபாசோவில் ஊசி போடும் இயக்கம் தொடங்கியது. ஒரு வயது முதல் 29 வயது வரையிலான ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்குப் பத்தே நாளில் போடப்பட்டது. இந்த வயது வரம்புக்குக் காரணம் உண்டு. நோயுற்று விழுபவர்கள் கொஞ்சம். நோய் இல்லாமல் தொண்டையில் கிருமியைச் சுமந்து பிறருக்குப் பரப்புபவர்கள் அதிகம். இவர்களைச் சுமப்போர் எனலாம். சுமப்போரில் பலர் சிறுவர்களும் இளைஞர்களும். எனவே நோய்க்கு எளிதில் ஆளாகும் பச்சைக் குழந்தைகளோடு நிறுத்தாமல், பரப்பக்கூடிய தலைமுறை முழுவதையும் ஒரே வீச்சில் காத்துவிட்டால் கிருமிக்குத் தங்க இடம் கிடைக்காது. இந்த வரம்புக்கு வெளியே இருந்த ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் வயது முதிர்ந்தவருக்கும்கூடச் சுற்றியிருப்பவர்களே காப்பாக அமைவார்கள். இதைத்தான் ‘சமூக நோயெதிர்ப்பு’ என்கிறோம். பழைய ஊசிக்குத் தொண்டைவரை எட்டும் ஆற்றல் இல்லை. புதியதற்கு உண்டு என்று எதிர்பார்த்தார்கள். அதைக் களத்தில் நிறுவ வேண்டியிருந்தது.

இதற்கிடையே வெயிலையும் சமாளிக்க வேண்டியிருந்தது. தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் தொழிற்சாலையிலிருந்து கடைசிக் கிராமம்வரை கொண்டு செல்லும் ஏற்பாட்டைக் ‘குளிர்சங்கிலி’ என்பார்கள். மின்சாரம் இல்லாத ஊரில், 40 டிகிரி வெயிலில், பனிக்கட்டிப் பெட்டிகளைச் சுமப்பதே பாதி வேலையாகிவிடும். பரிசோதித்துப் பார்த்ததில் மென்ஆஃப்ரிவாக் 40 டிகிரி வரையிலான வெப்பத்திலும் நான்கு நாள் கெடாமல் இருக்கும் என்பது உறுதியானது. 2012-இல் அப்படிப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் பெனின் நாட்டின் பானிகோரா பகுதியில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இம்முறையில் ஊசி போடப்பட்டது. குப்பி அளவுக்கு மீறி வெப்பத்தில் கிடந்தால் நிறம் மாறிக் காட்டும் சிறு ஒட்டுத்தாள் ஒவ்வொரு குப்பியிலும் இருந்ததால், சுகாதாரப் பணியாளர் பார்த்த மாத்திரத்தில் முடிவெடுக்க முடிந்தது. மருந்தின் மூலக்கூறு இதற்காக மாற்றப்படவில்லை. மருந்து முன்பே தாங்கிக்கொண்டிருந்ததைச் சோதித்து எழுத்தில் கொண்டுவந்ததே இங்கே நடந்த முன்னேற்றம். வறிய நாடுகளுக்குப் பயன்படும் தொழில்நுட்பத்தில் இத்தகைய அடக்கமான திருத்தங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி முக்கியமான கேள்வி: நோயைக் குறைத்தது ஊசிதான் என்று எப்படித் தெரியும்? ஊசி போட்ட மறு ஆண்டே புர்கினா ஃபாசோவில் மூளைக்காய்ச்சல் நேரும் வாய்ப்பு 71 விழுக்காடு குறைந்தது. ஏ வகையால் நோயுற்றவர்கள் ஒருசிலரே. ஆனால் இது மட்டும் போதாது. இந்தக் கொள்ளைநோய் ஏறக்குறைய 8 முதல் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பேரலையாக எழுந்து, இடையில் தானே அடங்கும் இயல்புடையது. அடங்கும் காலத்தில் எந்த ஊசியைப் போட்டாலும், ஏன், வெறும் தண்ணீரை ஏற்றினாலும் நோய் குறைந்ததுபோலத்தான் தோன்றும். ‘முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு’ என்ற கணக்கு பல நேரங்களில் நம்மை ஏமாற்றுவது இதனால்தான். ஒரே காலத்தில், ஒரே புழுதிக்காற்றில், ஊசி போட்ட ஊரையும் போடாத ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்படிப்பட்ட ஒப்பீட்டுக்குச் சாட் நாடு இடம் கொடுத்தது.

2011 இறுதியில் சாட் நாட்டின் தலைநகர் இன்ஜமீனாவையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து மூன்று பகுதிகளில் 18 லட்சம் பேருக்கு ஊசி போடப்பட்டது; மற்றப் பகுதிகளுக்கு அப்போது இன்னும் போகவில்லை. அடுத்த ஆண்டின் முதல் பாதியில் கொள்ளைநோய் வந்தது. ஊசி போடாத பகுதிகளில் லட்சம் பேருக்கு ஏறக்குறைய 44 பேர் நோயுற்றார்கள். போட்ட பகுதிகளில் லட்சத்துக்கு இரண்டு அல்லது மூன்று பேர்தான். குறைவு 94 விழுக்காடு. தலைநகரில் மருத்துவ வசதி அதிகம், அதனால் குறைந்திருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்விதான். அதற்கான விடை கிராம மக்களின் தொண்டையில் கிடைத்தது. ஊசி போடும் முன் ஒரு கிராமப்புறப் பகுதியில் 4,278 பேரின் தொண்டையைத் துடைத்துச் சோதித்தபோது 32 பேரிடம் ஏ வகைக் கிருமி இருந்தது. ஊசி போட்டுச் சில மாதங்களுக்குப் பின் 5,001 பேரைச் சோதித்தபோது ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. மருத்துவமனை வசதி தொண்டையிலிருக்கும் கிருமியைத் துடைத்தெடுக்காது. நோய் எண்ணிக்கை, பகுதிவாரி ஒப்பீடு, தொண்டைச் சோதனை என ஒன்றையொன்று சாராத மூன்று சான்றுகள் ஒரே திசையைக் காட்டும்போது ஐயத்துக்கு இடம் குறைகிறது. அதன்பின் 24 நாடுகளில் 35 கோடிக்கும் மேற்பட்டோர் இந்த ஊசியைப் பெற்றார்கள். 2017-க்குப் பிறகு அந்தப் பட்டையில் ஏ வகை நோய் ஒன்றுகூட உறுதிசெய்யப்படவில்லை.

இவ்வளவு தெளிவான வெற்றிக்கும் வலுவான மறுப்புகள் உண்டு. ஏ போனால் என்ன, வேறு வகைகள் வந்துவிட்டனவே என்பது முதலாவது. உண்மைதான். 2015-இல் நைஜரில் சி வகை பரவி ஏறக்குறைய 8,500 பேர் நோயுற்றார்கள். 573 பேர் இறந்தார்கள். டபிள்யூ, எக்ஸ் வகைகளும் ஆங்காங்கே தலைதூக்கின. ஆனாலும் ஏ வகை நிகழ்த்திய இரண்டரை லட்சம் அளவிலான பேரழிவு மீண்டும் நிகழவில்லை. மேலும், ஏ-க்காகக் கற்ற பிணைப்பு நுட்பம், பழகிய தொழிற்சாலை, தேர்ந்த ஆய்வாளர்கள் எல்லாம் கையில் இருந்தன. அவற்றின்மேல் ஏ, சி, டபிள்யூ, ஒய், எக்ஸ் ஆகிய ஐந்து வகைகளுக்கும் சேர்த்து ஒரே தடுப்பூசி, பிரிட்டிஷ் அரசின் நிதியோடு, அதே புனே நிறுவனத்தில் உருவானது. 2023-இல் அதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பு கிடைத்தது. 2024-இல் நைஜீரியா உலகிலேயே முதலாவதாக அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஆனால் ஐந்து சர்க்கரைகளைத் தனித்தனியாகத் தயாரித்துப் பிணைப்பதால் அதன் விலை பழையதைவிடப் பல மடங்கு. 2001-இல் கேட்ட விலைக் கேள்வியை இப்போது மறுபடியும் கேட்டாக வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. யாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத செல்வந்தர் ஒருவரின் அறக்கட்டளை, கோடிக்கணக்கான மக்களின் உடல்நலத்தில் எதற்கு முன்னுரிமை என்று தீர்மானிப்பது சரியா? கொடுப்பவரின் மனம் மாறினால் திட்டமும் சாய்ந்துவிடாதா? இந்தக் கவலை நியாயமானது. ஒரு வெற்றியைக் காட்டி அதை ஒதுக்கிவிட முடியாது. இங்கே நிலைமை நன்றாக அமைந்ததற்குக் காரணம், தேவையை எழுதியவர்கள் பணம் கொடுத்தவர்கள் அல்லர் என்பதுதான். எந்த நோய், எந்த விலை என்பவற்றை நோயை அனுபவித்த நாடுகள் கூறின. தரத்தை உலக சுகாதார நிறுவனம் சரிபார்த்தது. முடிவுகள் மருத்துவ இதழ்களில் எல்லோரும் கேள்வி கேட்கும்படி வெளியாயின. ஊசி வாங்க ‘காவி’ என்ற பன்னாட்டுத் தடுப்பூசிக் கூட்டணி துணை நின்றது. பணத்தின் அதிகாரத்தை இத்தனை கைகள் பகிர்ந்துகொண்டன. இந்தக் கட்டுப்பாடுகள் கொடையாளரின் நல்லெண்ணத்தால் மட்டும் அமைவதாக இருக்கக் கூடாது. பெறும் நாடுகள் அவற்றை நிபந்தனையாகவே முன்வைக்க வேண்டும்.

தொழில்நுட்பம் ஒரு குறுக்குவழி, வேண்டியது வலுவான சுகாதாரக் கட்டமைப்பு என்பது மூன்றாவது மறுப்பு. இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது தவறு. பத்து நாளில் ஒரு கோடிப் பேருக்கு ஊசி போட்டது குப்பி அல்ல. அரசின் சுகாதாரப் பணியாளர்களும் தன்னார்வலர்களும் போட்டார்கள். அதே சமயம், மறுப்பில் உள்ள உண்மையை அறிவியலும் சொல்கிறது. ஒவ்வோர் ஆண்டும் காப்பு இல்லாத புதுக் குழந்தைகள் பிறக்கிறார்கள். ஒருமுறை இயக்கம் நடத்திவிட்டு நிறுத்தினால், சுமார் 15 ஆண்டுகளில் கொள்ளைநோய் மீண்டும் எழக்கூடும் என்று கணித மாதிரிகள் காட்டின. ஆகவே 9 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு வழக்கமான தடுப்பூசி அட்டவணையிலேயே இதைச் சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. நாடுகள் ஒவ்வொன்றாகச் சேர்த்து வருகின்றன. அந்த வேலை ஆண்டுதோறும், சம்பளத்தோடும் பயிற்சியோடும், முதுகுத்தண்டு நீரைச் சோதிக்கும் ஆய்வகங்களோடும் நடக்க வேண்டியது. அதைச் செய்யக்கூடியது அரசு மட்டுமே. அறக்கொடைக்கு அங்கே இடம் சிறிது. சிறிதாகவே இருக்கவும் வேண்டும்.

அறக்கொடையின் அளவுகோல் கொட்டிய தொகையில் இல்லை. அரசும் சந்தையும் ஏற்கத் தயங்கும் முதல் அபாயத்தை ஏற்பதும், அது தீர்ந்தபின் தான் இல்லாமலும் நடக்கும்படி ஒரு பொருளையும் திறமையையும் விட்டுச்செல்வதும் அதன் உரிய வேலை. தொழில்நுட்பத்தின் அளவுகோலும் புதுமையில் இல்லை. வெயிலையும் வறுமையையும் தாங்கிக் கடைசி ஊர்வரை போய்ச் சேர்கிறதா என்பதில் இருக்கிறது. வளரும் நாடுகளுக்கு உதவி என்ற பெயரில் எந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: தேவையைச் சொன்னது யார்? விலையை நிர்ணயித்தது யார்? பலன் கிடைத்தது என்பதற்கு ஒப்பீட்டுச் சான்று என்ன? கொடையாளர் விலகியபின் நடத்தப்போவது யார்? இந்த நான்குக்கும் விடை இல்லாத திட்டம், எத்தனை கோடி செலவழித்தாலும், கொடுத்தவரின் பெயரைத்தான் வளர்க்கும். விடை இருந்த திட்டம் ஒன்று, 25 ரூபாய்க்குள் அடங்கும் ஓர் ஊசியால், நூறாண்டுக்கும் மேலாக ஆப்பிரிக்காவை அச்சுறுத்திய ஒரு கொள்ளைநோயை நிறுத்திக் காட்டியிருக்கிறது.